மருந்து அடிப்பவரா என்று யாரும் கேட்கவில்லை

பெரம்பலூர்ப் பக்கம் எங்கள் ஊரில் பருத்தி போடாத வீடு அபூர்வம். என் பெரியப்பா சொந்தக் காட்டுக்கு மட்டுமல்ல, கூலிக்கும் பூச்சிமருந்து அடித்தவர். டேங்க் கசிந்து கசிந்து சட்டையின் முதுகு எப்போதும் நனைந்தே இருக்கும். நாசில் அடைத்துக்கொண்டால் வாயில் வைத்து ஊதுவார். எத்தனை சோப்புப் போட்டுக் குளித்தாலும் அந்த வாடை போகாது.

வருஷங்கள் போகப் போக அவருக்குத் தூக்கம் கெட்டது. ஒன்றுமில்லாததற்கெல்லாம் பெரியம்மாவிடம் எரிந்து விழுந்தார். பிறகு பேச்சே குறைந்துபோனது. கூலி கொடுத்ததை மறந்து மறுபடியும் கொடுக்கப் போவார். கடன் கவலை என்றது ஊர். கடன் இருந்தது உண்மைதான். அதை அடைத்த பிறகும் அவர் தேறவில்லையே! மருத்துவரிடம் போனபோது தூக்க மாத்திரை கொடுத்தார்கள். என்ன வேலை செய்கிறீர்கள் என்று கேட்கவில்லை.

மோனோகுரோட்டோபாஸ், குளோர்பைரிபாஸ் போன்ற ஆர்கனோபாஸ்பேட் மருந்துகள் நரம்பைத் தாக்கித்தான் பூச்சியைக் கொல்கின்றன. அவை முடக்கும் கோலினெஸ்டரேஸ் என்ற நொதி நம் மூளையிலும் இருக்கிறது. 2017இல் பருத்திக்கு மருந்து அடித்தவர்கள் எங்கள் மாவட்டத்திலும் மகாராஷ்டிரத்தின் யவத்மாலிலும் இறந்தபோது செய்தியானது. மெல்ல மெல்ல மனம் கெடுவது செய்தியாவதில்லை.

அமெரிக்காவில் அயோவா, வட கரோலினா மாநிலங்களில் 1993 முதல் மருந்து தெளிப்பவர்களைத் தொடர்ந்து ஆராய்கிறார்கள். பூச்சிமருந்தின் விஷம் ஏறிச் சிகிச்சை பெற்றவர்களிடம் மனச்சோர்வு இரு மடங்குக்கும் மேல் காணப்பட்டது. அப்படி எதுவும் நேராமல் நெடுங்காலம் அடித்தவர்களிடமும் அது கூடுதலாகவே இருந்தது.

பெரியப்பாவுக்கு மருந்தால்தான் இப்படி ஆயிற்று என்று என்னால் நிரூபிக்க முடியாது. சந்தேகப்பட வேண்டிய இடத்தில் ஒருவரும் சந்தேகப்படவில்லையே என்பதுதான் என் ஆற்றாமை.

கோலினெஸ்டரேஸ் அளவை ரத்தப் பரிசோதனையில் பார்க்கலாம். ஆளுக்கு ஆள் அளவு மாறுவதால், அடிக்கத் தொடங்கும் முன்பே ஒருமுறை பார்த்து வைத்தால்தான் பின்னால் குறைந்தது தெரியும். கலிபோர்னியாவில் இத்தகைய மருந்துகளைத் தொடர்ந்து கையாளும் தொழிலாளர்களுக்கு இது சட்டப்படி கட்டாயம். நம் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் பருத்திப் பருவத்துக்கு முன் இதைச் செய்ய வேண்டும்.

அதுவரை, உங்கள் வீட்டில் மருந்து அடிக்கிறவர் தூக்கமில்லை, மனசு சரியில்லை என்றால், மருத்துவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள்: எந்த மருந்து, எத்தனை வருஷமாக, கடைசியாக அடித்தது எப்போது. டப்பாவில் ஒட்டியிருக்கும் லேபிளைப் படமெடுத்துக் கொண்டுபோய்க் காட்டுங்கள்.