ரங்கூன் பழைய நகரில் காளியம்மன் தரிசனம்

மியான்மரில், முன்பு ரங்கூன் என வழங்கிய யாங்கோனின் கொன்சேடான் தெருவில் 1871ஆம் ஆண்டு தமிழர்கள் எழுப்பிய ஸ்ரீ காளி கோயிலை, அதைச் சுற்றியுள்ள தெருக்களைப் பார்க்காமல் தரிசித்தால் அந்தத் தரிசனம் பாதிதான் என்பது என் எண்ணம். ஆகவே ஆடி வெள்ளியன்று, சிவகங்கையிலிருந்து வந்திருந்த என் அத்தையைக் கோயில் வாசலில் வண்டியில் கொண்டுபோய் இறக்காமல், சூலே பகோடா என்னும் பௌத்தத் தூபியிலிருந்து நடந்தே அழைத்துச் சென்றேன்.

1852ஆம் ஆண்டுப் போருக்குப் பின் ஆங்கிலேயர் இந்நகரைக் கட்டம் கட்டமாக வகுத்தபோது, தங்களுக்கு வெகுகாலம் முன்பே அங்கு நின்றிருந்த சூலேயையே நடுவில் வைத்தார்கள். எண்கோணமாய் எழும் அந்தப் பொன் தூபியைச் சுற்றி, அவரவர் பிறந்த கிழமைக்குரிய புத்தர் திருவுருவங்கள் அமைந்துள்ளன. புதன்கிழமையை முற்பகல், பிற்பகல் என இரண்டாகக் கொள்வதால் கிழமைகள் எட்டாகின்றன. வெள்ளிக்கிழமை பிறந்த அத்தை, தமக்குரிய திருவுருவத்தின்மேல் சிறு கிண்ணத்தால் நீர் வார்த்துவிட்டு, "இங்கேயும் அபிஷேகம்தான் நடக்குது, ராசா" என்றார். அவர் சொன்னது சரி. நம்மவர்கள் தலைமுறை தலைமுறையாகப் பகோடாவுக்கும் கோயிலுக்கும் மனவேற்றுமையின்றிச் சென்று வந்திருக்கிறார்கள்.

எதிரே 1936இல் முடிக்கப்பட்ட மாநகர மண்டபம், பர்மியக் கோயில்களின் அடுக்குக் கூரைகளைத் தலையில் தாங்கி நிற்கிறது. சூலேயிலிருந்து மேற்கே நடந்தால், முன்பு மொகல் தெரு என்று வழங்கிய ஷ்வே பொன் தா தெரு வரும். நகரத்தாரின் லேவாதேவிக் கடைகள் நிறைந்திருந்த இடம் அது. அத்தையின் தாத்தா அக்கடைகளுள் ஒன்றில் கணக்கப்பிள்ளையாக இருந்து, 1942இல் ஜப்பானியர் படை வந்தபோது, பல்லாயிரவரோடு கால்நடையாக இந்தியா திரும்பியவர். எந்தக் கட்டடம் என்று எங்களால் கண்டுபிடிக்க இயலவில்லை. எனினும் அத்தை ஒவ்வொரு வாசலிலும் சற்று நின்றார்.

இப்பகுதி வீடுகளை நிதானமாகப் பார்க்க வேண்டும். ஒடுங்கிய முகப்பு, உள்ளே நீண்டு செல்லும் கூடம், செங்குத்தான படிக்கட்டு, வார்ப்பிரும்புக் கம்பியிட்ட மாடம். மேல்மாடிகளிலிருந்து தெரு வரைக்கும் கயிறுகள் தொங்குகின்றன. கயிற்றின் நுனியில் ஒரு கவ்வி இருக்கும். கீழே நிற்பவர் இழுத்தால் மேலே மணி ஒலிக்கும். செய்தித்தாளையோ காய்கறிப் பையையோ கவ்வியில் மாட்டிவிட்டால் வீட்டார் இழுத்துக்கொள்வார்கள். முகப்புச் சுதை வேலைப்பாடுகளின் விரிசலில் ஆலங்கன்றுகள் வேர்விட்டிருப்பதைக் காணத்தான் மனம் பொறுக்கவில்லை. பெரிய அரசுக் கட்டடங்களுக்கு வரலாற்றுச் சிறப்பைக் குறிக்கும் நீலப் பலகை வைத்துப் பெருமை சேர்க்கிறார்கள். எளியவர்கள் வாழ்ந்த இவ்வீடுகளோ ஒவ்வொன்றாக இடிக்கப்பட்டு அடுக்குமாடிகளாகின்றன. 1931ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இந்நகர மக்களில் பாதிக்கு மேற்பட்டோர் இந்தியர். அவர்களுள் பலர் குடியிருந்த தெருக்கள் இவை.

அருகிலேயே 26ஆம் தெருவில் யூதர்களின் தொழுகைக்கூடமும், சற்றுத் தள்ளித் தமிழ் முஸ்லிம்களான சோழியர்களின் பள்ளிவாசலும் உள்ளன.

கொன்சேடான் தெருவுக்குள் நுழைந்ததும், மாடங்களுக்கும் மின்கம்பிகளுக்கும் இடையே கோபுரத்தின் வண்ணச் சுதை உருவங்கள் தென்பட்டன. சன்னிதியில் நல்ல கூட்டம். கன்னத்தில் தனக்கா என்னும் மரப்பட்டைச் சாந்து பூசிய தமிழ்ப் பெண்கள் எலுமிச்சை விளக்கேற்றிக்கொண்டிருக்க, பர்மியக் குடும்பம் ஒன்று அர்ச்சனைத் தட்டோடு வரிசையில் நின்றது. செவ்வரளி மாலை சூடிய அம்மனுக்குத் தீபம் காட்டியபோது, அத்தை கன்னத்தில் போட்டுக்கொண்டு, குடும்பத்தார் அனைவருடைய பெயரையும் நட்சத்திரத்தையும் குருக்களிடம் நிறுத்தி நிதானமாகச் சொன்னார். குருக்களும் ஒன்றையும் விடாமல் சொல்லி அர்ச்சித்தார்.

வெளியூர் அன்பர்களும் இவ்வழியாகவே நடந்து வர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். நண்பகலில் நடை சாத்தப்படுவதால், சூலேயிலிருந்து காலையிலேயே புறப்படுவது நல்லது.