நாலு டீ ஷாட்

இந்த நாட்டுக்கு வந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. அலுவலகத்தில் எழுத்தில் சமாளித்துவிடுவேன், நேர்ப்பேச்சில்தான் நொண்டியடிப்பேன். மீட்டிங்கில் நாலு பேர் ஒரே நேரத்தில் ஏதோ சொல்லிச் சிரிப்பார்கள். எதற்கென்று எனக்குப் பிடிபடுவதற்குள் பேச்சு வேறெங்கோ போயிருக்கும். நானும் சிரித்து வைப்பேன், கொஞ்சம் தாமதமாக.

அப்போதுதான் அண்ணனிடமிருந்து போன். சொந்த அண்ணன் இல்லை. எனக்கு இருபது வருடம் முன்னால் இங்கே வந்தவர், வீடு பார்க்க உதவியவர்.

"தம்பி, அடுத்த சனிக்கிழமை சும்மாதானே இருக்கே? கோல்ஃப்புக்கு ஒரு ஆள் குறையுது."

"நான் கோல்ஃப் மட்டையைத் தொட்டதுகூட இல்லைண்ணா."

"அதான் வேணும். நல்லா ஆடறவன் வந்தா சண்டைதான் வருது."

மொத்தம் பன்னிரண்டு நண்பர்கள், ஆறு ஆறாக இரண்டு அணி. இருவருக்கு இருவர் என்று மூன்று ஆட்டம். குறைந்த அடியில் முடிக்கும் ஜோடிக்கு அந்தக் குழி. ஸ்கிராம்பிள் முறை: ஜோடியில் இரண்டு பேரும் அடிப்போம், எது நல்ல இடத்தில் விழுந்ததோ அந்த இடத்திலிருந்து இரண்டு பேரும் அடுத்ததை அடிப்போம். குழி முடியும் வரை இப்படியே. கேட்டதும் நிம்மதியாகிவிட்டது. நான் எவ்வளவு கேவலமாக அடித்தாலும் கூட்டாளியின் பந்து இருக்கிறதே.

இடையில் இரண்டு மாலை பயிற்சித் திடலுக்கு அழைத்துப் போனார். கிரிக்கெட் ஆடிய கைக்கு கோல்ஃப் ஒரு தண்டனை. பந்தைத் தூக்கி அடிக்கவேண்டும் என்று உடம்பு முழுக்க ஒரு பிடிவாதம். தூக்க நினைத்தால் கிளப் என்கிற அந்த மட்டையின் விளிம்பு பந்தின் தலையில் பட்டு, அது தரையோடு ஓடுகிறது. "நீ தூக்காதே. கிளப்போட சாய்வு தூக்கிக்கும். நீ கீழ்நோக்கி அடி" என்றார். நம்பவே முடியவில்லை. பத்தில் ஒன்று அப்படி அமைந்தபோது பந்து எழும்பிய விதத்தைப் பார்த்துதான் நம்பினேன். விதிப்படி பையில் 14 கிளப் வரை வைத்துக்கொள்ளலாம். எனக்கு இரவல் கொடுத்தது ஏழு. அதில் மூன்றைத்தான் தொட்டேன்.

சனிக்கிழமை போனால் அண்ணன் எதிரணி. என் கூட்டாளி ஓய்வு பெற்ற பஸ் ஓட்டுநர். நெடு நெடுவென்று உயரம், பேச்சு குறைவு. அவருடைய ஹேண்டிகேப், அதாவது திறமைக்குறைவை ஈடுகட்டத் தள்ளுபடியாகும் அடிகளின் கணக்கு, 12. எனக்கென்று ஒன்று கிடையாது என்பதால், உலக ஹேண்டிகேப் முறையின் உச்சவரம்பான 54ஐயே எழுதிக்கொண்டார்கள். இருவர் ஸ்கிராம்பிளில் நன்றாக ஆடுபவரின் எண்ணில் 35 விழுக்காடு, மற்றவரின் எண்ணில் 15 விழுக்காடு. எங்களுக்கு 12 வந்தது. அண்ணனுடையது 10, அவர் ஜோடியுடையது 20, அவர்களுக்கு 7. ஆக, மிகக் கடினமான ஐந்து குழிகளில் எங்களுக்கு ஆளுக்கு அல்ல, ஜோடிக்கு ஓர் அடி தள்ளுபடி. எட்டு மாதத்தில் என் திறமைக்குறைவை இவ்வளவு துல்லியமாக, இவ்வளவு மரியாதையாக யாரும் கணக்குப் போட்டதில்லை.

முதல் டீக்குப் போகும்போதுதான் கூட்டாளி இன்னொன்று சொன்னார். டீ என்கிற ஆரம்ப இடத்திலிருந்து அடிக்கும் முதல் அடிதான் டீ ஷாட். ஒவ்வொருவர் டீ ஷாட்டும் குறைந்தது நாலு முறையாவது எடுத்துக்கொள்ளப்பட வேண்டும். பல இடங்களில் ஸ்கிராம்பிளுக்கு இப்படி ஒரு நிபந்தனை வைப்பார்களாம். அட்டையில் ஒவ்வொரு குழிக்கு எதிரிலும் யாருடைய டீ ஷாட் என்று முதலெழுத்தைக் குறிக்கவேண்டும். என் நிம்மதி அங்கேயே போயிற்று. பதினெட்டுக் குழியும் அவர் முதுகில் சவாரி போகலாம் என்று வந்தவன் நான்.

விதிகளைவிட நடத்தை கஷ்டம். ஒருவர் அடிக்கத் தயாரானால் மற்றவர்கள் அசையக்கூடாது. நம் நிழல் அவர் பந்தின் மேல் விழக்கூடாது. கிரீனில், அதாவது குழியைச் சுற்றியிருக்கும் மழமழப்பான புல்தரையில், பந்துக்கும் குழிக்கும் நடுவே கால் வைக்கக்கூடாது. இரண்டாம் குழியில் நான் சரியாக அங்கேதான் நடந்தேன். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. கூட்டாளி மட்டும் தன் பந்தைச் சுற்றிப் பெரிய வளைவாக, கோயில் பிரகாரம் சுற்றுவதுபோல நடந்து காட்டினார். அதற்குப் பிறகு நான் மற்றவர்கள் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். பங்கரை விட்டு வெளியே வந்தால் மணலைச் சமன்படுத்துகிறார்கள், பெயர்ந்த புல்கட்டியை எடுத்துவந்து அதே பள்ளத்தில் வைத்து மிதிக்கிறார்கள். நானும் செய்தேன். பெயர்க்க மட்டும் எனக்கு யாரும் கற்றுத்தர வேண்டியிருக்கவில்லை.

பதினெட்டுக் குழிக்கு நாலு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. அதில் பந்தோடு செலவான நேரம் கொஞ்சம்தான், மிச்சமெல்லாம் நடை. பக்கத்தில் பக்கத்தில் நடக்கும்போது முகத்தைப் பார்க்கவேண்டியதில்லை. ஒரே ஆள் பேசுகிறார், கேட்பதும் ஒரே ஆள். புரியாவிட்டால் இன்னொரு தடவை கேட்கலாம், அவசரமில்லை. மீட்டிங் அறையில் எட்டு மாதமாகப் பிடிபடாத பேச்சு அந்தப் புல்வெளியில் எனக்கு விளங்க ஆரம்பித்தது. கூட்டாளிக்கு ஒரு கண்ணில் புரை, அறுவைக்கு நாள் குறித்திருக்கிறார்கள் என்பது ஏழாம் குழிக்கும் எட்டாம் குழிக்கும் நடுவே தெரியவந்தது. என் பந்து எங்கே விழுந்தது என்று ஒரு தடவைகூட அவர் சொல்லாததற்குக் காரணம் அதுதான். நான் பாட்டுக்கு, வெறுப்பில் பேசாமல் இருக்கிறார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

நாலாம் குழியில் ஒன்று, பதினொன்றில் ஒன்று, இரண்டு முறை என் எழுத்து அட்டையில் ஏறியது. பன்னிரண்டாம் டீயில் முன்னால் போன கும்பல் நகரும் வரை காத்திருந்தோம். அண்ணன் கதை சொன்னார். 1969இல் இங்கிலாந்தின் ராயல் பிர்க்டேல் திடலில், அமெரிக்காவும் பிரிட்டனும் மோதிய ரைடர் கோப்பை. கடைசி ஆட்டம், கடைசி குழி. ஜாக் நிக்லாஸ் தன் பந்தைக் குழியில் போட்டுவிட்டு, எதிராளி டோனி ஜாக்லினுக்கு மிச்சமிருந்த சின்ன 'பட்'டை, அதாவது குழிக்குள் உருட்டும் அடியை, 'அடிக்கவேண்டாம்' என்று கொடுத்துவிட்டார். மொத்தம் 16க்கு 16. கோப்பை வரலாற்றில் முதல் சமன். சொந்த அணித்தலைவர் ஸாம் ஸ்னீடுக்கே அது பிடிக்கவில்லை.

எங்களுக்கும் அன்று காலையிலிருந்து அப்படித்தான் நடந்துகொண்டிருந்தது. குழியிலிருந்து ஒரு முழம், ஒன்றரை முழத்தில் என் பந்து நின்றால் அண்ணன் கையை அசைப்பார். "போதும் தம்பி, எடுத்துக்கோ."

பதினாறில் நிலைமை இது: ஆட்டம் சமன், மூன்று குழி பாக்கி, என் டீ ஷாட் இன்னும் இரண்டு வேண்டும். பதினாறு, சின்ன பார் 3, அதாவது மூன்று அடியில் முடிக்கவேண்டிய குழி. கூட்டாளியின் பந்து கிரீனில் விழுந்தது. என்னுடையது கிரீனுக்கு முன்னாலேயே நின்றுவிட்டது. அவர் தயங்காமல் என் பந்தைக் காட்டினார். "சின்ன குழியில் உன்னுடையதைச் செலவழித்தால் நஷ்டம் குறைவு." சில்லறையை எங்கே மாற்றவேண்டும் என்று தெரிந்த மனிதர். கிரீனுக்கு வெளியிலிருந்து சின்னதாகத் தூக்கிப் போடும் சிப் அவருடையது, பட்டும் அவருடையது, குழி சமன். பதினேழில் நான் மரங்களுக்குள் அடித்தேன். தேடுவதற்கு மூன்று நிமிடம். 2019க்கு முன் ஐந்தாக இருந்ததாம். இரண்டாயிருந்தாலும் எனக்குப் போதும். எல்லோரும் குனிந்து தேடினார்கள், எதிரணியும்தான். கிடைக்கவில்லை. கூட்டாளியின் பந்தால் பிழைத்தோம், மறுபடி சமன்.

ஆகவே பதினெட்டில் என்னுடையதுதான், வேறு வழியில்லை. கூட்டாளி தன் கிளப்பைப் பையிலிருந்து எடுக்கவேயில்லை. கீழ்நோக்கி அடி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, பத்திரமாக ஏழாம் நம்பர் அயர்னால் அடித்தேன். நூறு மீட்டர் சொச்சம், ஆனால் நடுவாந்திரமாக, நூல் பிடித்ததுபோல. கூட்டாளி அட்டையை எடுத்து என் எழுத்தை எழுதினார், பென்சிலை அழுத்தி.

அடுத்து அவர் நீளமாக அடித்தார். அதற்கடுத்த சிப் குழிக்கு ஒரு மீட்டரில் வந்து நின்றது. எதிரணி நாலில் முடித்துவிட்டது. எங்களுக்கும் இது போனால் நாலு, ஆட்டம் சமன். முதலில் கூட்டாளி. இடப்பக்கமாகத் தப்பியது. இப்போது நான்.

பந்துக்கு மேலே நின்றேன். அண்ணனை ஓரக்கண்ணால் பார்த்தேன். காலையிலிருந்து இதைவிடக் கொஞ்சம்தான் குறைவான தூரத்துக்கெல்லாம் கையசைத்தவர். அவர் கொடிக்கம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அதன் நுனியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் ஜோடியும் வாயைத் திறக்கவில்லை. குழியின் விட்டம் 108 மில்லிமீட்டர், பந்து 43க்குக் கொஞ்சம் குறைவு. இரண்டு பந்து தாராளமாக நுழையும். அடித்தேன். வலது விளிம்பில் ஏறி, குழிக்குள் எட்டிப் பார்த்து, வெளியே வந்து உட்கார்ந்துகொண்டது.

தொப்பிகளைக் கழற்றிக் கைகொடுத்தோம். கூட்டாளி என் தோளில் தட்டி, அடுத்த மாதம் கண் சரியாகிவிடும், வருவாயா என்று கேட்டார். ஒரே தடவையில் புரிந்தது.

கார் நிற்கும் இடத்துக்கு நடக்கும்போது அண்ணனிடம் கேட்டேவிட்டேன். "அந்தக் கடைசியைக் கொடுத்திருக்கலாமேண்ணா?"

"நான் என்ன நிக்லாஸா? போ தம்பி, பையைத் தூக்கு."