கடற்கரை ஊரில் காலிப்பருக்கு எந்தப் பெயின்ட்?

திருகோணமலையில் சில வருடங்கள் ஓடிய கார்களின் முன்சில்லுக்குள் குனிந்து பார்த்தால் பெரும்பாலும் ஒரே காட்சிதான் தெரியும். அலோய் சில்லு கழுவித் துடைத்துப் பளிச்சென்று இருக்கும். அதன் ஆரக்கால்களுக்கு இடையே தெரியும், சுழலும் டிஸ்க்கைப் பேட்களால் இறுக்கிப் பிடிக்கும் பிரேக் காலிப்பரோ செங்கல் நிறத்தில் கறள் ஏறி, விரலால் சுரண்டினால் செதில் செதிலாக உதிரும். பிரேக் பிடிப்பதில் அதனால் உடனடியாகக் குறை எதுவும் வராது. ஆனாலும் கறள் பேட் உட்காரும் இடத்துக்கும், பிரேக் ஒயிலில் சேர்ந்த காற்றை வெளியேற்றும் நிப்பிளுக்கும், காலிப்பர் நகர உதவும் வழுக்கும் ஊசிகளின் ரப்பர் உறை விளிம்புக்கும் பரவத் தொடங்கினால், பிறகு கராஜில் அந்த நிப்பிளைக் கழற்றும்போது அது முறிந்து கையோடு வருவது வழக்கம். ஆகவே காலிப்பருக்குப் பெயின்ட் பூசுவது அழகுக்காக மட்டும் செய்யும் வேலை என்று நான் நினைக்கவில்லை.

நம் ஊரில் ஓடும் சிறிய ஜப்பானியக் கார்களில் காலிப்பர் பெரும்பாலும் வார்ப்பிரும்பால் ஆனது. தொழிற்சாலையிலிருந்து வரும்போது அதன்மேல் சில மைக்ரோன் தடிப்பில் துத்தநாகம் சார்ந்த பூச்சு ஒன்று இருக்கும். இரும்பு அரிக்கப்படுவதற்கு முன்னர் துத்தநாகம் தன்னைக் கொடுத்து இரும்பைக் காக்கும். அது தீர்ந்தபின் இரும்புக்குக் காவல் இல்லை. ஒரு பக்கம் உள்துறைமுகமும் மறுபக்கம் டச்பே கடற்கரையுமாக, நகரமே கடலுக்குள் நீண்ட நிலத்தில் இருக்கிறது. உப்புவெளி, நிலாவெளி என்று வடக்கே போனாலும் வீதி கடலை விட்டு அதிகம் விலகுவதில்லை. இங்கே அந்தத் துத்தநாகம் விரைவாகத் தீர்ந்துபோவதில் வியப்பில்லை. ஹைபிரிட் கார் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு. அந்தக் கார்கள் வேகத்தைக் குறைக்கும்போது மோட்டாரே பெரும்பகுதி வேலையைச் செய்து பற்றரிக்கு மின்சாரம் ஏற்றுவதால், பேட்டும் டிஸ்க்கும் குறைவாகவே உரசுகின்றன. அதனால் காலிப்பர் சூடாகி ஈரம் உலரும் சந்தர்ப்பமும் குறைகிறது.

பெயின்ட் தேடிக் கடைக்குப் போனால் முதலில் காதில் விழுவது வெப்பநிலைதான். 300 பாகை தாங்கும், 600 பாகை தாங்கும், புகைக்குழாய்க்கே பூசலாம் என்று டின்னைக் காட்டி விற்பார்கள். பெரிய இலக்கம் போட்ட டின்தான் நல்ல டின் என்ற எண்ணம் எப்படியோ எல்லோரிடமும் பதிந்துவிட்டது. நான் இதை ஏற்காததற்குக் காரணம், காலிப்பருக்குள் இருக்கும் பிரேக் ஒயில். டொட் 3 வகை ஒயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 பாகை செல்சியசிலும், ஈரம் உறிஞ்சிய பின்னர் 140 பாகையிலும் கொதிக்கலாம் என்பது அதன் தர அளவு. டொட் 4 வகைக்கு இவை 230, 155 பாகை. உள்ளே இருக்கும் பிஸ்டனைச் சுற்றிய ரப்பர் சீலும் ஏறத்தாழ 150 பாகைக்கு மேல் நீண்ட நேரம் தாக்குப்பிடிக்காது. காலிப்பரின் உடல் 300 பாகையை எட்டியிருந்தால் ஒயில் கொதித்து, பெடல் தரையோடு போய், பெயின்ட்டைப் பற்றிக் கவலைப்படும் நிலையில் நீங்கள் இருக்கமாட்டீர்கள்.

டிஸ்க் வேறு, காலிப்பர் வேறு. நுவரெலியாவிலிருந்து றம்பொடைப் பக்கமாக இறங்கும்போது டிஸ்க் பல நூறு பாகைக்கு ஏறக்கூடும். அந்தச் சூட்டைப் பெரும்பாலும் பேட் வழியாகப் பெறும் காலிப்பர் அவ்வளவு சூடாவதில்லை. கந்தளாய் வரை கண்ணுக்கு எட்டிய தூரம் சமதரையாக இருக்கும் நம் பக்கத்தில், அன்றாட ஓட்டத்தில் அதன் உடல் பெரும்பாலும் 100 பாகைக்குள்ளேயே நிற்கும். எனவே நமக்கு வேண்டியது மூன்று குணங்கள் உள்ள பூச்சு: இரும்பை விடாமல் பற்ற வேண்டும், உப்பு ஈரத்தை உள்ளே விடக்கூடாது, பிரேக் ஒயில் பட்டால் இளகக்கூடாது. வெப்பம் நான்காவது.

இந்தக் கண்ணோடு பார்த்தால் சாதாரண ஸ்பிரே டின் முதலில் கழிந்துவிடும். எதையும் கலக்காமல் அப்படியே பூசும் ஒற்றைக் கூறுள்ள எனாமல் அல்லது அக்ரிலிக் வகைகளின் மீது பிரேக் ஒயில் ஒரு துளி விழுந்தாலே போதும், கொப்பளித்து எழும். புகைக்குழாய்க்கான சிலிக்கோன் பெயின்ட்டின் கதை இன்னும் வேடிக்கையானது. அது முழுமையாக இறுகுவதற்குப் படிப்படியாக 200 பாகைக்கு மேல் சூடேற்ற வேண்டும். புகைக்குழாயில் எஞ்சினே அந்த வேலையைச் செய்துவிடும். காலிப்பரில் அந்தச் சூடு ஒருநாளும் வராது, வந்தால் சீல் போய்விடும். ஆகவே அதிக வெப்பம் தாங்கும் என்று விற்கப்படும் அந்தப் பூச்சு, நம் காலிப்பரின் மேல் கடைசி வரை அரைகுறையாக இறுகிய நிலையிலேயே இருந்து, நகத்துக்கும் கரைப்பானுக்கும் இடம் கொடுக்கும்.

பவுடர் கோட்டிங் உறுதியானதுதான். மின்னேற்றத்தால் தூளை ஒட்டவைத்து 180 முதல் 200 பாகை வரையான அடுப்பில் உருக்கி எடுப்பதால், தடிப்பான, ஒரே சீரான படலம் கிடைக்கும். ஆனால் அடுப்புக்குப் போவதற்கு முன்னர் பிஸ்டன், சீல், ரப்பர் உறை, நிப்பிள் அனைத்தையும் கழற்ற வேண்டும். திரும்பப் பூட்டும்போது புது ரப்பர்த் தொகுதி போட வேண்டும். பிரேக் ஒயில் மாற்றிக் காற்று எடுக்க வேண்டும். வார்ப்பிரும்பின் நுண்துளைகளுக்குள் ஊறியிருக்கும் எண்ணெய் அடுப்பில் வெளியேறி ஊசித்துளைகளை உண்டாக்குவதும் உண்டு, அதற்காக முன்கூட்டியே ஒருமுறை வெறுமனே சுட்டெடுக்க வேண்டும். எல்லாவற்றையும் சரியாகச் செய்து முடித்தாலும், கல் தெறித்து ஓர் இடம் உடைந்தால் உப்பு அந்த வழியாக நுழைந்து படலத்தின் அடியில் பரவி, ஒருநாள் அதைத் தோலாக உரித்துவிடும். அந்த இடத்தை மட்டும் திருத்த முடியாது. காலிப்பரை எப்படியும் பிரித்து ரப்பர் மாற்றும் தேவை இருப்பவருக்கு இது நல்ல வழி. மற்றவர்களுக்கு நான் சொல்லமாட்டேன்.

இரண்டு கூறுள்ள பொலியூரிதேனைப் பற்றி அதிகம் எழுதப்போவதில்லை. கார் உடலுக்கு அது சிறந்தது. அதை இறுக வைக்கக் கலக்கும் ஹார்ட்னரில் மூச்சுக்குழலைப் பாதிக்கும் ஐசோசயனேட் இருப்பதால், தகுந்த சுவாசக் கவசம் இல்லாமல் வீட்டு முற்றத்தில் ஸ்பிரே செய்யக்கூடாது, அவ்வளவுதான்.

என் தேர்வு இரண்டு கூறுள்ள எபொக்சி. காலிப்பருக்கென்றே ஹார்ட்னரோடு விற்கப்படும், பிரஷ்ஷால் பூசும் தொகுதிகள் இருக்கின்றன. அமெரிக்காவின் ஜி2, ஜெர்மனியின் ஃபோலியாடெக் போன்றவை இந்த இரண்டு கூறு வகையைச் சேர்ந்தவை. பிசினும் ஹார்ட்னரும் கலந்ததும் வேதிவினையாலேயே எபொக்சி இறுகும், அடுப்பு தேவையில்லை. இறுகியபின் பிரேக் ஒயிலை நன்றாகவே எதிர்க்கும். வெயிலில் வெளிறி மாவாகப் போவது எபொக்சியின் பெரிய குறை. சில்லுக்குப் பின்னால் நிழலில் இருக்கும் காலிப்பருக்கு அந்தக் குறை பெரிதாகப் பொருட்டில்லை. அப்படிப்பட்ட தொகுதி கிடைக்காவிட்டால், இரும்புப் படகுகளுக்கும் கட்டுமானங்களுக்கும் பூசும் கடல்சார் எபொக்சியே இரண்டாவது தெரிவு. பொதுவாக அவற்றுக்கு 120 பாகை அளவுதான் வெப்ப எல்லை என்பதால், மலைநாட்டுக்கு அடிக்கடி போகிறவர்களுக்கு நிறம் மங்கலாம். ஊருக்குள் ஓடுகிறவர்களுக்குப் போதும். கொட்பேயில் படகு வேலை செய்யும் என் மச்சானிடம் இதைப் பற்றிக் கேட்டபோது, அவர் வெப்பநிலையைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. "உப்பைக் கழுவாமப் பூசினா எந்த டின்னும் ஒண்டுதான்" என்றார்.

அவர் சொன்னதுதான் இந்த வேலையின் மையம். கறள் குழிகளுக்குள் குளோரைட்டு உப்பு தங்கியிருக்கும். வயர் பிரஷ்ஷால் தேய்த்து இரும்பு பளபளத்தாலும் அது போகாது. அதன்மேல் பூச்சு விழுந்தால், உப்பு படலத்தின் ஊடாக ஈரத்தை உள்ளே இழுத்து, சில மாதங்களில் சிறு கொப்புளங்களை எழுப்பும். ஆகவே தேய்ப்பது, நிறைய நன்னீரால் கழுவுவது, உலரவிடுவது, மறுபடி தேய்த்துக் கழுவுவது என்று மாறிமாறிச் செய்ய வேண்டும். நன்னீர் என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம், கடற்கரையோரக் கிணறுகள் பலவற்றில் தண்ணீர் உவர்ப்பாக இருக்கிறது. அந்தத் தண்ணீரால் கழுவினால் உப்பை எடுத்துவிட்டு உப்பையே வைப்பதாகும். குழாய்நீர் அல்லது பிடித்துவைத்த மழைநீர் நல்லது. கழுவிய இரும்பை ஓர் இரவு விட்டுப் பார்த்தால், உப்பு மீதமிருக்கும் குழிகள் மட்டும் கருமையாகவோ ஈரமாகவோ காட்டிக்கொடுத்துவிடும். அந்த இடங்களைத் திரும்பவும் கழுவி, மெல்லிய கறளைத் துடைத்தெடுத்தபின்னரே பூச வேண்டும்.

கறளை மாற்றும் அமிலத் திரவங்களைப் பூசி வேலையைச் சுருக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். பொஸ்பாரிக் அமிலம் கறளைக் கரைத்து இரும்புப் பொஸ்பேற்றாக மாற்றுவது உண்மைதான். எனினும் மீதமிருக்கும் அமிலத்தின் மேல் எபொக்சி சரியாக இறுகாது, எனவே பயன்படுத்தினாலும் கழுவியே தீர வேண்டும். எண்ணெய்ப் பிசுக்கு நீக்குவதற்குப் பிரேக் கிளீனர் போதும். பெற்றோல், டீசல், மண்ணெண்ணெய் எதையும் பக்கத்தில் கொண்டுவரக்கூடாது; பிரேக்கில் உள்ள ரப்பர் பிரேக் ஒயிலைத் தாங்கும், பெற்றோலிய எண்ணெய் பட்டால் ஊதிப் பெருத்துவிடும். உலர்ந்த பிரேக் தூசியைக் காற்றடித்து ஊதுவதும் வேண்டாம். நனைத்துத் துடைப்பதே நுரையீரலுக்கு நல்லது.

காலிப்பரை ஹோசிலிருந்து பிரிக்காமலே இதையெல்லாம் செய்யலாம். கழற்றிய காலிப்பர் ஹோசில் தொங்காதபடி கம்பியால் கட்டிவைக்க வேண்டும். பேட்டைக் கழற்றிய நிலையில் டொயோட்டா அக்வா, பிரியஸ் போன்ற ஹைபிரிட்களில் ஓர் ஆபத்து உண்டு: ஓட்டுநர் கதவைத் திறந்தாலே பிரேக் முறைமை விழித்து அழுத்தம் கொடுக்கக்கூடும், பிஸ்டன் வெளியே தள்ளப்படும். ஸ்மார்ட் கீயைத் தூரத்தில் வைத்து, 12 வோல்ட் பற்றரியின் இணைப்பைக் கழற்றிவிட்டே தொடங்க வேண்டும். ஹைபிரிட்டுக்குப் பழகாத கராஜுகளில் இதை நாமாகவே நினைவூட்டுவது நல்லது.

காலநிலையும் பார்க்க வேண்டும். ஐப்பசி முதல் தை வரையான மழைக்காலத்தில் எபொக்சி வேலை வேண்டாம். ஈரக் காற்றில் இறுகும்போது அதன்மேல் மெழுகு போன்ற ஒட்டும் படலம் ஒன்று எழும். அதை நீரால் கழுவித் தேய்க்காமல் அடுத்த பூச்சு போட்டால் இரண்டும் ஒட்டாது. ஆனி, ஆடியில் கச்சான் காற்று ஈரத்தை வாங்கினாலும் மண்ணை வாரி இறைக்கும். பங்குனி, சித்திரைதான் எனக்குப் பிடித்த காலம். காலையில் பனி ஈரம் காய்ந்து இரும்பு சற்றுச் சூடான பிறகு தொடங்கலாம். வெயில் ஏற ஏற, கலந்த பெயின்ட் கிண்ணத்திலேயே இறுகத் தொடங்கும்; ஆகையால் சிறிது சிறிதாகக் கலப்பதே நல்லது. கலவை விகிதத்தைக் கண்மட்டத்துக்கு விடாமல், பாமசியில் வாங்கிய ஊசிக்குழலால் அளந்தால் பிழைக்காது. தடிப்பாக ஒரே பூச்சு போடுவதைவிட மெல்லியதாக இரண்டு போடுவதே சரி.

பிஸ்டன், ரப்பர் உறை, வழுக்கும் ஊசிகள், நிப்பிளின் துளை, பேட் உட்காரும் தடங்கள், டிஸ்க்கின் உரசும் முகம் ஆகியவற்றில் பெயின்ட் படக்கூடாது. சில்லு டிஸ்க்கோடு முட்டும் முகத்திலும் கூடாது. அங்கே பூச்சு நசுங்கினால் நட்டுகள் தளரும். பூட்டும்போது இறுக்கத்தை அளந்து காட்டும் டோர்க் ரென்ச் பயன்படுத்துங்கள். விட்ஸ், அக்வா போன்ற டொயோட்டாக்களின் சில்லு நட்டுகளுக்கு 103 நியூட்டன் மீற்றர். சிறிது தூரம் ஓடியபின் இன்னொரு தடவை சரிபார்க்க வேண்டும்.

நிறத்தைப் பற்றிக் கேட்காதவர்கள் இல்லை. சிவப்புப் பூசிய வகன் ஆர் கார்களைப் பார்த்து நான் சிரிப்பதுண்டு, ஆனால் அது அவரவர் விருப்பம். என் காருக்கு வெளிர் சாம்பல் பூசினேன். பிரேக் ஒயில் கசிந்தாலும் கறள் எட்டிப்பார்த்தாலும் அதில் உடனே தெரியும். கறுப்பிலும் சிவப்பிலும் முற்றியபின்தான் தெரியும்.

பின்சில்லின் டிரம்முக்கு வெளிப்புறமாக அதே எபொக்சியைப் பூசலாம், அங்கே வேலை இன்னும் எளிது. மிஞ்சிய பிசினையும் ஹார்ட்னரையும் கலக்காமல் தனித்தனியே இறுக மூடி நிழலில் வைத்திருந்தால், கல் தெறித்த இடத்தைச் சுரண்டிக் கழுவி, ஒரு தேக்கரண்டி அளவு கலந்து தொட்டுவிடலாம். கார் கழுவும்போது சில்லின் ஆரக்கால்களுக்கு ஊடாகவும் நன்னீர் பாய்ச்சுங்கள்; கழுவியபின் பிரேக்கை நாலைந்து தடவை மெதுவாக அழுத்தி, சிறிது தூரம் ஓட்டி உலர்த்திவிட்டே நிறுத்துங்கள்.