எட்டு மீட்டர் நீளத்துக்கு ஒரு கிழங்குக் கொடி

ஆஸ்திரேலியப் பழங்குடி ஓவியர் எமிலி காமே உங்வாரேயின் 'பிக் யாம் ட்ரீமிங்' (பெரிய கிழங்கின் தொல்கதை என்று சொல்லலாம்) ஓவியத்தை ஃபோனில் பார்த்துவிட்டு யாரும் தீர்ப்புச் சொல்லக் கூடாது என்பது என் கட்சி. ஃபோனில் அது கறுப்பில் வெள்ளைக் கிறுக்கல், அவ்வளவுதான். நேரில் அது கிட்டத்தட்ட 2.9 மீட்டர் உயரம், 8 மீட்டர் நீளம். ஒரு முனையில் நின்றால் மறுமுனையில் கோடுகள் என்ன செய்கின்றன என்று தெரியாது. நடந்து போய்த்தான் பார்க்க வேண்டும்.

இந்த ஓவியம் மெல்பர்னில் உள்ள நேஷனல் கேலரி ஆஃப் விக்டோரியாவுக்குச் சொந்தம். அந்த கேலரிக்கு இரண்டு கட்டடங்கள். ஆஸ்திரேலியக் கலைக்கானது ஃபெடரேஷன் சதுக்கத்தில், ஃபிளிண்டர்ஸ் ஸ்ட்ரீட் ரயில் நிலையத்துக்கு எதிரே இருக்கிறது. அவர்களின் சொந்தச் சேகரிப்பைப் பார்க்கக் கட்டணம் கிடையாது. ஊரிலிருந்து யார் வந்தாலும் கிரேட் ஓஷன் ரோடு, பிலிப் தீவு பென்குவின் என்று சுற்றிக்காட்டிவிட்டு, கடைசியில் இங்கேயும் கூட்டிக்கொண்டு வந்துவிடுவேன்.

எமிலி பிறந்தது 1910-ஐ ஒட்டி. சரியான தேதி யாரும் எழுதி வைக்கவில்லை. ஆலிஸ் ஸ்பிரிங்ஸுக்கு வடகிழக்கே சுமார் 250 கிலோமீட்டரில், யூட்டோப்பியா என்று வெள்ளைக்காரர்கள் பெயர் வைத்த பகுதியில் உள்ள அல்ஹல்கெரே அவருடைய மண். அன்மட்யேர் இனத்துப் பெண். மாட்டுப் பண்ணைகளில் வேலை பார்த்தார், ஒட்டகங்களை ஓட்டினார். 1977 வாக்கில் அந்த ஊர்ப் பெண்களோடு சேர்ந்து பாட்டிக் துணி வேலையில் இறங்கினார். மெழுகை உருக்கித் துணியில் கோடு இழுத்து, சாயத்தில் முக்கி, பிறகு கொதிக்க வைத்து மெழுகை எடுக்கிற வேலை. வயதான உடம்புக்கு அது சாதாரணப் பாடில்லை. 1988-89 கோடையில் அந்தப் பெண்களுக்கு கேன்வாஸும் அக்ரிலிக் வண்ணமும் கொடுத்தார்கள். அப்போது எமிலிக்கு எண்பது வயது நெருங்கியிருந்தது. அதற்குப் பிறகு அவர் பாட்டிக் பக்கம் திரும்பவே இல்லை. 1996 செப்டம்பரில் இறக்கும்வரை, எட்டே ஆண்டுகளில், ஏறத்தாழ 3,000 ஓவியங்கள். யோசித்துப் பாருங்கள், பெரும்பாலோர் ஓய்ந்து உட்காரும் வயதில் ஆரம்பித்தது இது.

பிக் யாம் ட்ரீமிங்கை அவர் வரைந்தது 1995-ல். கறுப்பு பூசிய கேன்வாஸைத் தரையில் விரித்து, அதன் மேலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டு, ஓரம் நோக்கி நகர்ந்து நகர்ந்து வரைந்திருக்கிறார். முன்கூட்டி பென்சில் கோடு கிடையாது, அளவு பார்த்தது கிடையாது, திருத்தியதும் கிடையாது. இரண்டே நாளில் முடித்துவிட்டார். கிட்டே போய்ப் பார்த்தால் தூரிகை போன வேகம் தெரிகிறது. ஒரு கோடு வளைந்து போய் இன்னொன்றின் மேல் ஏறுகிறது, அங்கிருந்து கிளைக்கிறது, சட்டென்று திரும்புகிறது. எங்கேயும் தயங்கி நின்ற இடமாக எனக்கு ஒன்றும் தட்டுப்படவில்லை.

என் சித்தப்பாவைக் கூட்டிக்கொண்டு போனபோது அவர் ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் கேட்டார்: "ஏம்ப்பா, இதுல எது மேல, எது கீழ?"

"தரையில விரிச்சுப் போட்டு வரைஞ்சது சித்தப்பா. அவங்களுக்கு மேலயும் இல்ல கீழயும் இல்ல."

"அப்ப இது மண்ணைக் குனிஞ்சு பாக்குற மாதிரி."

அதேதான். எமிலி வரைந்திருப்பது பென்சில் யாம் என்ற காட்டுக் கிழங்கு. தாவரவியல் பெயர் விக்னா லான்சியோலாட்டா. நம் உளுந்தும் பாசிப்பயறும் இதே விக்னா பேரினத்தில் வருபவைதான், அதாவது இது உளுந்துக்குப் பங்காளி முறை. தரையோடு படர்கிற கொடி, மஞ்சள் பூ. காய்கூட மண்ணுக்கு மேலேயும் காய்க்கும், கீழேயும் காய்க்கும். வறட்சியில் மேலே இருக்கிற இலையெல்லாம் கருகிப் போய்விடும், கிழங்கு மட்டும் அடியில் கிடக்கும். அப்போது எங்கே தோண்டுவது? மண்ணில் விழுந்திருக்கிற வெடிப்பைப் பார்த்து. கிழங்கு பருக்கப் பருக்க மேல்மண் பிளக்கும். பெண்கள் அதைப் பார்த்துக் கோலால் தோண்டி எடுத்து, சுடு சாம்பலில் போட்டுச் சுட்டுச் சாப்பிடுவார்கள். இதைச் சொன்னதும் சித்தப்பாவுக்கு உற்சாகம் வந்துவிட்டது. சர்க்கரைவள்ளிப் பாத்தியில் அவரும் அப்படித்தான் பார்ப்பாராம், மண் வெடித்திருந்தால் கிழங்கு தேறிவிட்டது என்று கணக்கு. பிறகு அந்த எட்டு மீட்டரையும் குனிந்தபடியே நடந்து பார்த்தார். அடியில் ஓடும் வேரும் மேலே விழும் வெடிப்பும் ஒரே கோட்டில் வந்திருக்கிறது என்பதை நானே அவர் பின்னால் நடந்தபோதுதான் சரியாகக் கவனித்தேன்.

கேலரிக்காரர்கள் மேல் எனக்கு இருக்கிற ஒரே மனத்தாங்கல் இதுதான். சுவரில் நிமிர்த்தி மாட்டியதும் மண் மறைந்து வெறும் வடிவம் மிஞ்சுகிறது. வேறு வழியில்லை என்பதும் புரிகிறது, அவ்வளவு பெரியதைத் தரையில் போட்டால் யார் காலாவது படும். ஆனாலும் முன்னால் நின்று, இது கீழே கிடக்கிறது என்று மனதில் ஒருமுறை படுக்க வைத்துப் பாருங்கள். ஓவியம் வேறாகிவிடும்.

விமர்சகர்கள் இவரை அமெரிக்க ஓவியர் ஜாக்சன் பொல்லாக்கோடும் பிரெஞ்சு ஓவியர் மோனேயோடும் ஒப்பிட்டு நிறைய எழுதியிருக்கிறார்கள். அரூப ஓவியத்தின் உச்சங்களில் ஒன்று என்றும் சொல்கிறார்கள். உச்சம் என்பதில் எனக்கும் சந்தேகமில்லை. ஆனால் அவர்களை வைத்து இவரை விளங்கிக்கொள்ளப் போனால் பாதி கை நழுவிவிடும். இந்தக் கோடுகள் வந்த இடம் வேறு. அவர் ஊர்ப் பெண்கள் 'அவெல்யே' என்ற சடங்கில் மார்பிலும் தோளிலும் காவி மண்ணைக் குழைத்து வரிவரியாகத் தீட்டிக்கொண்டு, தங்கள் நிலத்தைப் பாடி ஆடுவார்கள். எமிலிக்கு அது சிறு வயதிலிருந்து பழக்கம். மேனியில் கோடு இழுத்த அதே விரல்கள்தான் பின்னால் துணியிலும் கேன்வாஸிலும் இழுத்தன. ஒரு ஓவியம் எதைப் பற்றியது என்று கேட்டால், எல்லாவற்றையும் பற்றியது என்பதுதான் அவருடைய பதில். கிழங்கு, விதை, ஈமு, புல், பல்லி, எல்லாம் சேர்ந்த அவருடைய நிலம்.

பணக் கதையும் உண்டு. 'எர்த்ஸ் கிரியேஷன்' என்ற 1994-ஆம் ஆண்டு ஓவியம் 2007-ல் பத்து லட்சம் ஆஸ்திரேலிய டாலரைத் தாண்டி ஏலம் போனது, 2017-ல் மறுபடி 21 லட்சத்துக்கு. இறந்த பிறகு வந்த இந்த விலைகளைக் கேட்டால் எனக்குப் பெருமையைவிட ஆதங்கம்தான் அதிகம்.

கான்பெராவில் உள்ள நேஷனல் கேலரி ஆஃப் ஆஸ்திரேலியாவில் இவருடைய 'அல்ஹல்கெரே' வரிசை இருக்கிறது, 22 கேன்வாஸ்கள் சேர்ந்த ஒரே படைப்பு, 1993-ல் வரைந்தது. அது முழுக்க வண்ணம். மெல்பர்னின் கறுப்பு வெள்ளையை மட்டும் பார்த்தவர்கள் அதையும் பார்த்தால்தான் இவரின் வீச்சு பிடிபடும். 2023 டிசம்பரில் தொடங்கி 2024 ஏப்ரல் வரை கான்பெராவில் இவருக்கென்றே பெரிய கண்காட்சி நடந்தது, 2025-ல் லண்டனின் டேட் மாடர்ன் கலைக்கூடத்திலும். மெல்பர்ன், கான்பெரா இரண்டு கேலரிகளிலும் ஓவியங்களை அவ்வப்போது மாற்றி மாற்றி மாட்டுவார்கள். அதனால் கிளம்பும் முன் இணையதளத்தில் ஒரு பார்வை பார்த்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் ஒரு ஃபோன் போட்டுக் கேளுங்கள். மெல்பர்னுக்கு வருகிறவர்கள் எனக்கு எழுதினால், வார இறுதியாக இருந்தால் நானும் கூட வருகிறேன்.