எல்எம்317: ஆர்1 இடத்தில் 240 ஓம் போடலாமா?

எல்எம்317 என்ற வோல்ட்டேஜ் ரெகுலேட்டர் ஐசியை வைத்து பவர் சப்ளை செய்பவர்கள் பலரும் ஆர்1 இடத்தில் 240 ஓமைக் கண்ணை மூடிக்கொண்டு போடுகிறார்கள். டேட்டாஷீட் (தயாரிப்பாளரின் விவரத்தாள்) படத்திலேயே அப்படித்தானே இருக்கிறது! ஆனால் அந்த மதிப்பு அதன் அண்ணன் எல்எம்117-க்குச் சரியாக வருவது.

அவுட்புட் காலுக்கும் அட்ஜஸ்ட் காலுக்கும் நடுவே ஐசி 1.25 வோல்ட்டைப் பிடித்து வைத்திருக்கும். அங்கே இருக்கும் ரெசிஸ்டர்தான் ஆர்1. ஐசி தன் உள்வேலைக்கு எடுக்கும் கரண்ட்டும் அவுட்புட் வழியாகத்தான் வெளியேற வேண்டும். லோடு (இணைத்த கருவி) இல்லாதபோது அதற்கு ஆர்1 பாதைதான் வழி; அது போதாவிட்டால் வோல்ட்டேஜ் ஏறிவிடும். எல்எம்117-க்கு 5 மில்லிஆம்பியர் போதும். 240 ஓம் 5.2 தருகிறது. எல்எம்317-க்கு 10 வரை தேவைப்படலாம். பெரும்பாலும் 3.5-லேயே சமாளித்துவிடும் என்பதால்தான் 240 போட்டவர்களுக்கும் ஓடுகிறது. 120 ஓம் போட்டால் 10.4, கவலை இல்லை.

இனி, அட்ஜஸ்ட் காலுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே வரும் ஆர்2. 9 வோல்ட் வேண்டுமென்றால் ஆர்2-இல் 7.75 வோல்ட் விழ வேண்டும். ஆர்1 வழியாக வரும் 10.4 மில்லிஆம்பியரோடு அட்ஜஸ்ட் காலின் 50 மைக்ரோஆம்பியரும் சேரும். வகுத்தால் சுமார் 740 ஓம். 680-ஐயும் 56-ஐயும் தொடராகப் போட்டால் 8.95 வோல்ட். இன்புட் 12 வோல்ட்டுக்குக் குறையக்கூடாது.

5 சதவீத ரெசிஸ்டர் வேண்டாம். ஒன்று கூடி மற்றொன்று குறைந்தால் முக்கால் வோல்ட் தள்ளிப்போகும். 1 சதவீத மெட்டல் ஃபிலிம் வாங்குங்கள். ஐசியின் 1.25-ம் 1.2 முதல் 1.3 வரை எங்கும் இருக்கலாம் என்பதால், கடைசித் திருத்தம் மல்டிமீட்டரைப் பார்த்துத்தான்.

1.25 முதல் 15 வோல்ட் வரை மாற்ற வேண்டுமா? ஆர்2 இடத்தில் 5 கே பாட் (திருகி மாற்றும் ரெசிஸ்டர்) வேண்டாம். கால்வாசிக்குச் சற்று மேல் திருப்பினாலே 15 தாண்டிவிடும். 2 கே பாட்டுக்கு இணையாக 3.9 கே போட்டால் 1322 ஓம், கிட்டத்தட்ட 15 வோல்ட். பாட்டின் நடுக்காலை ஒரு ஓரக்காலோடு சேர்த்துவிடுங்கள். உள்ளே தொடர்பு விட்டாலும் 15-ஐத் தாண்டாது. இல்லாவிட்டால் பாட் தேய்ந்த அன்று இன்புட் வோல்ட்டேஜ் கிட்டத்தட்ட முழுக்க லோடுக்குப் போகும்.

ஆர்1-இன் மேல்முனையை ஐசியின் அவுட்புட் காலிலேயே பற்றவையுங்கள், லோடுப் பக்கம் அல்ல. ஒயரின் 0.05 ஓம் கூட 1 ஆம்பியரில், 9 வோல்ட் அமைப்பில், 0.36 வோல்ட் இழப்பாகப் பெருகும்.

முடித்ததும் லோடு இல்லாமல் அளந்து, பிறகு சின்ன பல்பு ஒன்றைக் கொடுத்து அளந்து பாருங்கள். முதல் அளவு கணிசமாகக் கூடுதலாக இருந்தால் ஆர்1-ஐக் குறைத்து, அதே விகிதத்தில் ஆர்2-ஐயும் குறைக்க வேண்டும்.