டீசல் டபிள் கப்பும் அடுப்படிச் சிலிண்டரும்

போன கிழமையில இருந்து மூண்டு தம்பிமார் கோல் எடுத்திட்டினம். "அண்ணை, உங்கட ஹைலக்ஸுக்குக் காஸ் பூட்டினீங்களாம், எப்பிடி?" எண்டு. ஒவ்வொருத்தருக்காச் சொல்லாமல் இதில எழுதிவிடுறன். முதல்லயே சொல்லுறன்: வீட்டுச் சிலிண்டரை டீசல் எஞ்சினுக்குக் குடுக்காதேங்கோ.

என்ரது ரொயோட்டா ஹைலக்ஸ் டபிள் கப், எல்என்106 எண்ட பழைய மொடல். 3எல் எண்ட பேருள்ள 2.8 லீற்றர் டீசல் எஞ்சின், டேர்போ இல்லை. மாங்குளத்தில உரம் ஏத்திக்கொண்டு ஒட்டுசுட்டான் பக்கம் வயலுக்கு இறங்கினால், மாரிச் சேத்தில ரெண்டாம் கியரிலயும் திணறும். 2021 முடிய 121 ரூபா வித்த டீசல் 2022 ஆனியில 460க்கு வந்த நேரம் தொடங்கின யோசினைதான் இந்தக் காஸ்.

அதைக் கிளறிவிட்டது மெல்பேர்னில இருக்கிற சித்தப்பான்ர மகன். வைகாசியில வற்றாப்பளைப் பொங்கலுக்கு வந்து நிண்டவன். அவன்ர நிசான் பற்றோல் (Patrol) ஜீப்பும் டீசல்தான், அதுக்குக் காஸ் பூட்டியிருக்கிறான். முத்தத்து மாமரத்துக்குக் கீழ என்ர ஹைலக்ஸின்ர பொனற்றைத் திறந்து வைச்சுக்கொண்டு விளங்கப்படுத்தினான்.

டீசல் எஞ்சினில பொறி அடிக்கிற பிளக் இல்லை. நெரிபடுற காத்தின்ர சூட்டிலதான் டீசல் பத்துது. டீசல் 250 பாகைக்குக் கிட்டவே தானாப் பத்தும், காஸில கிடக்கிற புரொப்பேனுக்கு 450க்கு மேல வேணும். அதால டீசலை நிப்பாட்டிப்போட்டுக் காஸில மட்டும் ஓடேலாது. இழுக்கிற காத்தோட கொஞ்சம் காஸைக் கலந்துவிட, டீசல் பத்தி அதைப் பத்த வைக்கும். "டீசல் கொள்ளிக்கட்டை அண்ணை, காஸ் ஓலை" எண்டான்.

எனக்கு உடன அப்பான்ர எம்டி 90 மோட்டச்சைக்கிள் ஞாபகம் வந்தது. சண்டைக்காலப் பொருளாதாரத் தடை நேரம் வன்னியில பெற்றோல் மருந்து மாதிரி. கொஞ்சப் பெற்றோலில ஸ்ராட் பண்ணி, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாத்துவார். ஒண்டு பத்த வைக்கும், மற்றது ஓடும். அந்தப் புகை மணம் இண்டைக்கும் மூக்கில நிக்குது.

மெல்பேர்ன் தம்பி போய்ச் சாமான் அனுப்புறன் எண்டவன். நான் பொறுக்கேல்லை. ஒரு கராச்சில "உதுக்கேன் வெளிநாட்டுச் சாமான்?" எண்டு, 12.5 கிலோச் சிலிண்டரைப் பின் பெட்டியில கட்டி, சாப்பாட்டுக்கடை அடுப்புக்குப் போடுற பெரிய ரெகுலேட்டரைப் பூட்டி, ஹோஸை எயார் பில்டர் குழாயில ஓட்டை போட்டுச் செருகிவிட்டினம். ரெண்டு நாள் நல்ல இழுவை, அதை மறைக்கேல்லை.

மூண்டாம் நாள் பன்ரெண்டு பை உரம். ஒலுமடு தாண்ட எஞ்சினுக்குள்ள சுத்தியலால அடிக்கிற மாதிரி டங் டங். பாலை மரத்தடியில நிப்பாட்டிப் போய்ப் பாத்தால், அந்த வெயிலில சிலிண்டரின்ர கீழ்ப்பாதி வெள்ளையாப் பனி பிடிச்சுக் கிடக்குது. விரலை வைச்சால் ஒட்டுது. திறப்பை ஓவ் பண்ணினனான், வால்வை மூடேல்லை. காஸ் தன்ர பாட்டில உள்ள போய்க்கொண்டிருந்திருக்குது. திரும்ப ஸ்ராட் அடிக்க ஒரே ஒரு வெடி. கஸ்கெற் போய், ரேடியேற்றர் தண்ணி கொதிக்கத் தொடங்கிற்றுது.

ஹெட்டைக் கழட்டின அண்டைக்கு ரெண்டாம் பிஸ்ரனைத் தடவிப் பாத்தனான். விளிம்பு எலி கடிச்ச தேங்காய்ச்சொட்டு மாதிரி. காஸ் கூடிப்போய்த் தட்டினதால அலுமினியம் தின்னுப்பட்டிருக்குது.

வாகனக் காஸ் ராங் வேற சாமான். அதில அடியில இருந்து திரவமா எடுத்து, ரேடியேற்றர் சுடுதண்ணி ஓடுற கொன்வேட்டரில ஆவியாக்கித்தான் எஞ்சினுக்குப் போகுது. எஞ்சின் நிண்டால் மின் வால்வு தானா மூடும். ராங்கை 80 வீதத்துக்கு மேல நிரப்பவும் விடாது. அடுப்படிச் சிலிண்டரில மேலால ஆவிதான் வரும். கனக்க இழுத்தால் குளிர்ந்து உறையும், பள்ளத்தில சரிஞ்சால் திரவமே ஹோஸுக்குள்ள வரும். கேபினுக்குள்ள கசிஞ்சால் அதைவிடப் பொல்லாப்பு. காத்தைவிடப் பாரம் எண்டதால காலடியில தேங்கி நிக்கும். பின் சீற்றில பிள்ளையளை ஏத்திக்கொண்டு போற வாகனம் உது.

இப்ப டீசல் பம்பையும் நொசிலையும் செக் பண்ணி எடுத்தாச்சு. புகை குறைஞ்சிருக்குது, அரைவாசிக் குறை அதிலதான் இருந்திருக்குது. தம்பி அனுப்பின புகைச் சூட்டு மீற்றரை முதல்ல பூட்டியிருக்கிறன். ராங்கும் கொன்வேட்டரும் வந்தாலும், வாகனப் புத்தகத்தில எரிபொருள் டீசல் எண்டு மட்டும் கிடக்கிற வரைக்கும், வழியில காஸ் அடிக்க ஒரு செட் இல்லாத வரைக்கும், நான் பூட்ட மாட்டன்.

ஏற்கனவே சிலிண்டர் கட்டி ஓடுறாக்கள் இருந்தால், முதல்ல வால்வை மூடி, நாலு கதவையும் திறந்துவிட்டு, பெட்டியில இருந்து அதை இறக்கிவைச்சிட்டுக் கோல் எடுங்கோ. இரவெண்டாலும் பரவாயில்லை.