பாய் இருந்தால்தான் செய்லிங்

'செய்லிங்' என்பதைப் பலர் 'படகு சவாரி' என்று எழுதிவிடுகிறார்கள். அது போதாது. துடுப்பு வலித்தாலும் சவாரிதான், மோட்டார் போட்டாலும் சவாரிதான். காற்றைப் பாயில் பிடித்துப் போவதை 'பாய் விரித்து ஓடுவது' என்றால்தான் பொருள் நிற்கும்.

வெறும் 'ஓடு' இதற்குப் பற்றாது. அது எந்தக் கப்பலுக்கும் பொருந்தும். வ.உ.சி. 1906-இல் தொடங்கிய கம்பெனியின் கப்பல்கள் நீராவியில் ஓடின. ஆனாலும் அவர் கப்பலோட்டிய தமிழன்தான்.

'பாய்மரம் கிழிந்தது' என்று எழுதுவதும் தப்பு. மரம் கிழியாது, கிழிவது பாய். பாயைத் தாங்கி நிமிர்ந்து நிற்பது பாய்மரம். புறநானூற்றில் அதற்குக் 'கூம்பு' என்று பெயர். பாயைக் கட்டும் குறுக்குக்கழி பருமல். பாயை இழுத்துத் தளர்த்தும் கயிறு தாமான்.

ஓட்டத்தின் சூட்சுமம் அந்தக் கயிற்றில்தான் இருக்கிறது. பாயின் முன்விளிம்பு படபடக்கும்வரை தாமானை விடுங்கள். பிறகு படபடப்பு அடங்கும் அளவுக்கு மட்டும் இழுங்கள். அதற்கு மேல் இழுத்தால் பாயின் வெளிப்பக்கத்தை ஒட்டிப் போகிற காற்று பிய்த்துக்கொள்ளும்; படகு சாயும், வேகம் குறையும். புதியவர்கள் சாய்வையே வேகம் என்று நம்பி இன்னும் இழுப்பார்கள்.

காற்றுக்கு நேர் எதிரே எந்தப் பாய்ப்படகும் போகாது. இரு பக்கமும் ஏறக்குறைய 45 டிகிரிக்குள் பாய் வெறுமனே அடித்துக்கொள்ளும். அதனால் இடமும் வலமுமாக வளைந்து வளைந்துதான் காற்றை எதிர்த்து முன்னேற வேண்டும். பின்காற்றில் ஆபத்து வேறு மாதிரி. சுக்கானைக் கவனமில்லாமல் திருப்பினால் காற்று பாயின் மறுபக்கம் புகுந்துவிடும். பாயின் அடிக்கழி ஒரே வீச்சில் மறுபக்கம் பாயும். தலையைக் குனியாதவருக்கு மண்டை உடையும்.

ஒலிம்பிக்கில் இந்த விளையாட்டு முன்பு 'யாட்டிங்'. 2000 சிட்னியிலிருந்து 'செய்லிங்'. சென்னையின் நேத்ரா குமணன் டோக்கியோவில் ஓட்டிய லேசர் ரேடியல், ஒரே ஆள், ஒரே பாய் உள்ள படகு. பாயின் பரப்பு 5.76 சதுர மீட்டர். இந்த விளையாட்டைப் 'பாய்மரப் படகுப் போட்டி' என்பது நல்ல தமிழ்.

மொழிபெயர்ப்பவர்கள் காற்றின் பெயரிலும் கவனம் வைக்க வேண்டும். வாடை வடக்கிலிருந்து வருவது, சோழகம் தெற்கிலிருந்து, கொண்டல் கிழக்கிலிருந்து, கச்சான் மேற்கிலிருந்து. 'வாடையில் பாய் விரித்தார்கள்' என்றால் படகு வடக்கே போயிற்று என்று அர்த்தமில்லை.